கொழுந்து லொறி செல்லசாமியின் சிவப்புக் கார்

செல்லசாமியண்ணன் அந்தச் சிவப்புக் காரை என் கராஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று, வாயில் கடித்த பணிஸை மெல்லவும் மறந்து நின்றேன். இரண்டே கதவு. தரையோடு ஒட்டிய உடம்பு. கொழும்பில் எந்தப் பணக்கார வீட்டுப் பிள்ளையோ ஓட்டிச் சலித்து, அப்புறம் நாலைந்து கை மாறிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். அதற்குள்ளேயிருந்து, காக்கிச் சட்டையும் கழுத்தில் மப்ளருமாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார் ஓய்வு பெற்ற கொழுந்து லொறி டிரைவர் ஒருவர். பார்க்கிறவனுக்கு மயக்கம் வருமா வராதா?

“யாரு வண்டிண்ணே இது?”

“நம்ம வண்டிதான் தம்பி. வாங்கிட்டேன்.”

“வெளையாடாதீங்க.”

“வெளையாட்டு இல்லப்பா. ஆனா ஏற மாட்டேங்குது. அதான் ஓங்கிட்ட கொண்டாந்தேன்.”

மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி நாகலெட்சுமி அக்கா இறங்கினார். வயலட் கலர் ஸ்வெட்டர், கையில் ஹேண்ட்பேக், முகத்தில் ஒரு சிரிப்பு. “என்னைய பாக்காத தம்பி. நான் தையல் மெஷின் கேட்டேன். இவரு இத வாங்கிட்டு வந்து நிக்கிறாரு,” என்றார்.

என்னைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். டிக்கோயாவில் யோகேஸ்வரன் கராஜ் என்றால் பஸ்காரர்களிலிருந்து முச்சக்கரவண்டிப் பையன்கள் வரைக்கும் தெரியும். யோகேஸிடம் வண்டியைக் கொடுத்தால் வண்டி சரியாகும், மனசு புண்ணாகும் என்று அவர்களே கேலி பேசுவார்கள். உண்மைதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் எஞ்சின் விஷயத்தில் ஒருவரிடமும் நான் பூசி மெழுகியதில்லை. செத்த எஞ்சினைச் செத்தது என்றுதான் சொல்வேன், அழுதாலும் சரி.

செல்லசாமியண்ணன் வேலை செய்த தேயிலைத் தோட்டம் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் பள்ளத்தில் இருக்கிறது. அப்பா ஆயுள் முழுக்கக் குனிந்து நின்று தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். மகனாவது நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்யட்டும் என்று லொறியில் கிளீனராகச் சேர்த்துவிட்டார். கிளீனர் டிரைவரானார். முப்பது வருசத்துக்கும் மேலாக ஒரே லொறி, ஒரே ரோடு. மலையில் பறித்த கொழுந்தை ஏற்றிக்கொண்டு போய் ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், இறக்க வேண்டும். நடுவில் சவுக்குமர ஏற்றம். ஸ்டோருக்குப் போனாலும் டிக்கோயாவுக்கு வந்தாலும் அந்த ஏற்றத்தைத் தாண்டியே ஆக வேண்டும்.

அந்த ஏற்றத்தில் அவர் லொறி நடந்துதான் போகும். பின்னால் பஸ், ஜீப், முச்சக்கரவண்டி, கடைசியில் மோட்டார் சைக்கிள்காரன் கூட ஹோர்ன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டிப் போவான். கொழுந்துக்காரப் பெண்கள் சும்மா விடுவார்களா? “மெதுவா போங்கண்ணே, ஸ்டோருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கொழுந்து தேயிலத்தூளாயிரும், அவங்களுக்கு வேல மிச்சம்!” என்று கத்துவார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே இடதுபக்கம் ஒதுங்கி, கையை வெளியே நீட்டி, போ போ என்று காட்டுவார். அந்தக் கைதான் அவர் அடையாளம். தூரத்தில் வெளியே நீட்டிய கை தெரிந்தால், செல்லசாமி வருகிறார் என்று அர்த்தம்.

“ஏண்ணே, ஒங்க வயசுக்கு ஒரு வேன் வாங்கியிருக்கலாம். அக்கா கேட்ட மெஷினயும் ஏத்தியிருக்கலாம். இது என்னா கூத்து?” என்று கேட்டேன்.

“எனக்கு ஏறுற வண்டி வேணும் தம்பி. ஒருக்கா, ஒரே ஒருக்கா, சவுக்குமர ஏத்தத்துல பின்னாடி எவன் ஹோர்னும் கேக்காம ஏறணும். அது போதும். அப்பறம் வித்துட்டாலும் பரவால்ல.”

ஏதோ கிழட்டு ஆசை என்று நான் சிரித்தேன். நாகலெட்சுமி அக்கா சிரிக்கவில்லை. அண்ணன் தேத்தண்ணிக் கடைப் பக்கம் போனதும் சொன்னார்.

“சிரிக்காத தம்பி. எங்க தலப்பிள்ள அந்த ஏத்தத்துலதான் போச்சு.”

கையிலிருந்த மிச்சப் பணிஸைக் கீழே வைத்தேன்.

“எனக்கு வலி வந்தப்ப தோட்டத்துல ஏது அம்புலன்ஸு? கொழுந்து லொறியிலதான், கொழுந்து மூடுற படங்க விரிச்சுப் படுக்க வச்சாங்க. இவருதான் ஓட்டுனாரு. மழ வேற. அந்த ஏத்தத்துல லொறி நகரவே இல்ல. பின்னாடி எவனோ ஜீப்புக்காரன் ஹோர்ன் அடிச்சுக்கிட்டே வர்றான். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ள கேக்குது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்றப்ப பிள்ளைக்கு உசுரில்ல. கொஞ்சம் முந்தி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னாங்க.”

தேத்தண்ணியோடு திரும்பி வந்த அண்ணன், நாங்கள் எதைப் பேசுகிறோம் என்று முகத்திலேயே கண்டுகொண்டார். கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, அமைதியாக ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

“நான் அடி வரைக்கும் மிதிச்சேன் தம்பி. பெடல் அதுக்கு மேல போகல. லொறிக்கு அவ்ளோதான் தெம்பு. இல்லாட்டி நான் விட்டிருப்பேனா?”

அதற்குப் பிறகு அந்தக் காரைச் சரியாக்காமல் விட எனக்கு மனசு வருமா? இறங்கிவிட்டேன் வேலையில்.

முதலில் வந்த சந்தேகம் மலைக்காற்று. கொழும்பில் ஓடிய கார் நம் பக்கம் ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கத்தான் செய்யும். ஆனால் கொஞ்சந்தான் வாங்கும். இது ஆஸ்துமாக்காரனாக இருந்தது. எயார் ஃபில்டரைக் கழற்றினேன், சுத்தம். பிளக்குகளைக் கழற்றினேன், நன்றாக எரிந்த நிறம். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன். பம்ப் அழுத்தம் பார்த்தேன். கொம்பிரஷன் பார்த்தேன், குமரிப் பெண் மாதிரி இருந்தது எஞ்சின். சைலன்சர் அடைத்திருக்கிறதா என்று பின்னால் கை வைத்துப் பார்த்தேன். புகை தாராளமாக வந்தது. ஜாக் போட்டுச் சக்கரங்களைச் சுற்றினேன், பிரேக் எதுவும் பிடிக்கவில்லை. கிளட்ச்சும் வழுக்கவில்லை.

எல்லாவற்றையும் விட எரிச்சல் எதுவென்றால், பொனட்டைத் திறந்து எக்சலேட்டர் கம்பியைக் கையால் இழுத்தால், அந்த எஞ்சின் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக் கோழியெல்லாம் பறந்தது. கையால் இழுத்தால் புலி. ரோட்டில் ஏறினால் பூனை.

“கொழும்புலேருந்து இத கொண்டாந்த பையன் எப்பிடி ஓட்டுனான்?”

“அவன் பறந்துல்ல வந்தான்! ஹட்டன் வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சாம். நான் ஒக்காந்தேன், செத்துப்போச்சு.”

“அப்ப சாவியக் குடுங்க. நான் ஒரு சுத்து ஓட்டிப் பாக்குறேன்.”

மனுசன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். “அது மட்டும் வேணாம் தம்பி. வண்டி யாரு பேர்ல இருக்கோ அவன்தான் ஸ்டியரிங்கத் தொடணும். டிரைவர் எஞ்சினத் தொடக் கூடாது, மெக்கானிக் ஸ்டியரிங்கத் தொடக் கூடாது. அதான் சட்டம்.”

“எந்த ஊரு சட்டம்?”

“தோட்டத்துச் சட்டம்.”

எனக்கு வந்த கோபத்தில் ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன். அது நல்லவேளையாகப் பழைய டயருக்குள் விழுந்தது. வைத்தியரிடம் வந்து நாக்கை நீட்ட மாட்டேன் என்கிறவரை என்ன செய்வது? பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூடவே போனேன். ஏற்றம் வந்ததும் கார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நகர்ந்தது. பின்னால் ஒரு பஸ். ஹோர்ன். அண்ணனின் கை தானாக ஜன்னலுக்கு வெளியே போய், போ போ என்று காட்டியது. ஸ்போர்ட்ஸ் காரை முந்திய பெருமையில் பஸ்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு போனான். எனக்கு மானம் போனது.

இப்படியே நாட்கள் ஓடின. ஒவ்வொரு காலையும் வருவார். நான் எதையாவது கழற்றுவேன், மாட்டுவேன், திட்டுவேன். அவர் எதையும் திருப்பிச் சொல்ல மாட்டார். ஆனால் நாளுக்கு நாள் முகம் வாடிக்கொண்டே வந்தது. கடைசியாக ஒரு நாள் காரை நிறுத்திவிட்டு இறங்கவே இல்லை. “விட்டுரு தம்பி,” என்றார். “எனக்குக் கெடைக்கிற வண்டியெல்லாம் இப்பிடித்தான். வித்துர்றேன். இனி நான் ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்.”

கூட வந்திருந்த நாகலெட்சுமி அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை. “எறங்குங்கண்ணே!” என்று கத்தினேன். “பெடல் பக்கம் மட்டும் இன்னும் பாக்கல. கையால இழுத்தா வருது, காலால மிதிச்சா வரல. அப்ப காலுக்கும் கம்பிக்கும் நடுவுல என்னமோ இருக்கு. எறங்குங்க!”

அவர் இறங்கியதும், தலையைப் பெடல்களுக்கு அடியில் நுழைத்து மல்லாக்கப் படுத்தேன். டோர்ச் அடித்தேன். எக்சலேட்டர் பெடலுக்குப் பின்னால், விரிப்பை வெட்டி, டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிய ஒரு மரக்கட்டை. தேயிலைச் செடியின் கட்டை. உள்ளங்கை அளவு. பல வருசம் தேய்ந்து வழுவழுவென்று கறுத்துப் போயிருந்தது. அதன் மேலே சந்தனம், குங்குமம்!

பாதி மிதித்ததும் பெடல் கட்டையில் முட்டி நின்றுவிடும். அவ்வளவுதான் நோய். பிளக், பம்ப், ஃபில்டர், கொம்பிரஷன் என்று நான் எதையெல்லாம் நோண்டினேன்! தலையைத் தூக்கியதில் டேஷ்போர்டில் நங்கென்று இடித்துக்கொண்டேன்.

“எந்த நாசமாப் போனவன் செஞ்ச வேல இது? கொழும்புக்காரப் பயதானே? அவன...”

“அது நான் வச்சது தம்பி,” என்றார் செல்லசாமியண்ணன்.

அவனுக்கென்று எடுத்த கெட்ட வார்த்தையை அப்படியே விழுங்கினேன்.

“நீங்களா?”

“பின்ன? மொத நாளு ஒக்காந்து மிதிச்சா, பெடலு பாட்டுக்குத் தரை வரைக்கும் போகுது. பதறிப்போய்ட்டேன். கட்ட எங்கயோ விழுந்துருச்சு போலன்னு நெனச்சேன். நல்லவேள, நம்ம லொறிய பழைய இரும்புக்கு ஒடைக்கக் குடுத்தப்ப அதோட கட்டைய நான் ஞாபகத்துக்குக் கழட்டி வச்சிருந்தேன். கோயில்ல பூச போட்ட அன்னைக்கே கட்டிட்டேன்.”

“எதுக்குண்ணே கட்ட? எந்த வண்டியிலண்ணே கட்ட இருக்கு?”

“என்னா தம்பி, மெக்கானிக்கா இருந்துக்கிட்டு இப்பிடிக் கேக்குற? கட்ட இல்லாட்டி கம்பி அறுந்துரும்ல? நான் லொறிய எடுத்த அன்னைக்கே பெரிய தொரை காட்டிச் சொன்னாரு. இது பெடலத் தாங்குற சாமான், இதத் தொட்டா வேல போயிரும்னு.”

கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருசம்! டீசல் மிச்சம் பிடிக்க எந்தத் துரையோ வைத்த கட்டை. டிரைவர் எஞ்சினைத் தொடக் கூடாது. ஸ்டியரிங்கை வேறு யாரும் தொடக் கூடாது. ஆகவே அந்தக் கட்டையைப் பற்றி அவரிடம் சொல்ல ஒரு ஆளும் இல்லை. அவர் ஓட்டிய ஒரே வண்டி அந்த லொறிதான். தரை வரைக்கும் போகிற பெடலை இந்த மனுசன் வாழ்க்கையில் மிதித்ததே இல்லை. கடைசியில் சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, அதற்கும் தன் கையாலேயே கட்டையைக் கட்டி, பொட்டும் வைத்திருக்கிறார்.

சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். திட்டினேன். மறுபடி சிரித்தேன். “வாங்கண்ணே, ஏறுங்க! இப்ப பாப்போம் எவன் ஹோர்ன் அடிக்கிறான்னு!” கட்டையை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அக்கா முன்னால் உட்கார, பெயருக்கு இருந்த பின்சீட்டில் நான் முழங்கால் தாடையில் இடிக்க ஒடுங்கிக்கொண்டேன். அந்தச் சந்தோசத்தில் வேறு எதுவும் எனக்கு உறைக்கவில்லை.

கீழே இறங்கித் திருப்பிக்கொண்டு, சவுக்குமர ஏற்றத்தின் அடிவாரத்துக்கு வந்தோம். பின்னால் வழக்கம்போல ஒரு பஸ். அண்ணன் மிதித்தார். கார் அதே பழைய நடைதான் நடந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. “மிதிங்கண்ணே!”

“மிதிச்சுட்டேன் தம்பி. அவ்ளோதான்.”

எட்டிப் பார்த்தேன். பெடலுக்கு அடியில் ஒன்றுமில்லை. வெறும் தரை. ஆனால் அவர் கால் கட்டை இருந்த இடத்திலேயே நின்றிருந்தது. கணுக்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. முழு பலத்தோடு மிதிப்பதாகத்தான் அவர் நினைத்தார். நெற்றியெல்லாம் வேர்வை. பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் கை ஜன்னல் பக்கம் போனது.

நாகலெட்சுமி அக்கா அந்தக் கையைப் பிடித்து ஸ்டியரிங்கில் வைத்தார். “இன்னும் எடம் இருக்குங்க,” என்றார். “மிதிங்க.”

“கம்பி அறுந்துரும்டி.”

“அறுந்தா அறுந்துட்டுப் போவுது. மிதிங்க.”

அவர் கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தார். கால் இறங்கியது.

ஐயோ, அந்தக் கார் பாய்ந்த பாய்ச்சல்! என் தலை பின்கண்ணாடியில் மோதியது. சவுக்கு மரங்களெல்லாம் பின்னால் ஓடின. அக்கா “முருகா!” என்று கத்தினார். வளைவு வந்தது, கார் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. பஸ்ஸின் சத்தம் தேய்ந்து, தேய்ந்து, இல்லாமலே போனது. நான் கை தட்டினேன், விசில் அடித்தேன், என்னவெல்லாமோ கத்தினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏற்றத்தின் உச்சி வந்துவிட்டது. எதிரே டிக்கோயா தெரிந்தது.

அண்ணன் காரை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. சந்தோசத்தில் அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. வந்த ஏற்றத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தம்பி,” என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. “அந்தக் கட்ட இல்லாம இருந்திருந்தா, லொறியும் இப்பிடி ஏறியிருக்குமா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சிரித்துச் சிரித்துக் கழற்றி எடுத்த கட்டை என்ன கட்டை என்று அப்போதுதான் உறைத்தது. அடி வரைக்கும் மிதித்தேன் என்று அத்தனை வருசமாக மனசைத் தேற்றிக்கொண்ட மனுசன். அது அடியே இல்லை, பாதி.

சட்டைப் பையில் இருந்த கட்டை என் நெஞ்சைக் குத்தியது. அந்த ரக லொறி எஞ்சினை நான் எத்தனை தடவை பிரித்து மாட்டியிருக்கிறேன். அதன் தெம்பு எனக்குத் தெரியும். மழையிலும் தெரியும், பாரத்திலும் தெரியும்.

“இல்லண்ணே,” என்றேன். “அது டீசல் லொறி. இது பெட்ரோல் கார். ரெண்டும் வேற. அந்த எஞ்சினுக்குத் தெம்பே அவ்ளோதான். கட்ட இருந்தாலும் இல்லாட்டியும் அந்த ஏத்தத்துல அதே வேகந்தான் வந்திருக்கும்.”

நாகலெட்சுமி அக்கா மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். முன்சீட்டிலிருந்து அவ்வளவு கிட்டத்தில் ஒரு ஆளைப் பார்த்தால் எதையும் மறைக்க முடியாது. அவர் கண் நிறைந்தது. எல்லாம் தெரிந்துகொண்டார். அப்புறம் புருசன் பக்கம் திரும்பி, அவர் தோளில் கை வைத்தார்.

“கேட்டீங்கள்ல?” என்றார். “எஞ்சின் விசயத்துல இந்தத் தம்பி பொய் சொல்ல மாட்டாருன்னு ஊருக்கே தெரியும். அவ்ளோதான் அந்த லொறி. நீங்க அடி வரைக்கும்தான் மிதிச்சீங்க.”

“அப்ப சரி,” என்றார் செல்லசாமியண்ணன். மப்ளரின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப சரி தம்பி.”

அக்கா இரண்டு சீட்டுக்கும் நடுவால் கையைப் பின்னால் நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்க்காமலே ஹேண்ட்பேக்குக்குள் போட்டு ஸிப்பை இழுத்தார்.

அந்தப் பஸ் அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டு உச்சிக்கு வந்து சேர்ந்தது. எங்களுக்குப் பின்னால் நின்று நீளமாக ஹோர்ன் அடித்தது. அண்ணனின் கை ஜன்னலுக்குப் போகப் பார்த்தது.

“அவன் அடிக்கட்டும்ங்க,” என்றார் அக்கா. “நீங்க மெதுவா எடுங்க.”